மேற்குக் கோடிச் செங்கல்

பூமி ஆடி ஒரு வாரம் கழித்து மெதெர்பெக், பிஷ்கெக்கில் ஓர் ஒன்பது மாடிக் கட்டிடத்தின் கிழக்குக் கோடியில் ஆறாவது மாடிக் கதவைத் தட்டினான். திறந்த பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்ஜினீயரா? ஷூவைக் கழட்டிட்டு வா. தரையெல்லாம் துணி."

ஜூராவுக்கு ஐம்பது வயதிருக்கும். தர்தோய் சந்தை வியாபாரிகளுக்குப் பெண்கள் உடுப்பு தைத்துக் கொடுப்பவள். வீட்டிலேயே நல்ல ஜன்னல் கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல்தான். அதன் கீழே மெஷின். வெட்டிய துணிகள் கட்டில்மேலும் நாற்காலிமேலும் குவிந்து கிடந்தன. அவள் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள். பேச்சுக்காக வேலையை நிறுத்துகிற ஆள் இல்லை.

"அலமாரி குப்புற விழுந்திச்சு. இந்த மெஷின் இருக்கே, இங்கிருந்து கதவு வரைக்கும் நடந்தே போச்சு. நான் மேசைக்கு அடியில கிடந்தேன். உங்க ஆளுங்க என்னடான்னா டீகூட சிந்தலைங்கறாங்க."

"எங்க ஆளுங்களா?"

"மேற்குக் கோடி முழுக்க உன் சொந்தம்தானே? அத்பாஷி மலைக்காரங்க. 'கீழ்நாட்டுக்காரங்க கத்துவாங்க, ஆடு முக்கினாலே பூகம்பம்னு ஓடுவாங்க'ன்னு மாடிப்படியில நின்னு சிரிக்கிறாங்க. உன் அண்ணன்தான் அந்தக் கொத்தனார், எசென்குலா? அவன்தான் தலைவன்."

அந்த நகைச்சுவையை மெதெர்பெக்கும் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து கேட்டிருந்தான். கேட்டுச் சிரித்துமிருந்தான். பயந்தவர்கள் மிகைப்படுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே வந்தான். குடியிருப்போர் கமிட்டி கேட்டதால் ஒரு பார்வை, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை என்பது அவன் எண்ணம்.

"எஜே" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டான். "இந்த மூலையில காகிதத்தைக் கிழிச்சுப் பாக்கலாமா?"

"கிழி. ஏற்கெனவே அது தானாக் கிழிஞ்சுதான் இருக்கு."

சுவர்க்காகிதத்தை உரித்தான். தூண் உத்திரத்தைச் சந்திக்கிற இடத்தில், காரைக்குள் இல்லை, காங்கிரீட்டுக்குள்ளேயே சாய்வாக ஒரு வெடிப்பு. விரல் நகம் நுழைந்தது. மெஷின் சத்தம் நின்றது.

"மோசமா?" என்றாள் ஜூரா.

"பாக்கறேன் எஜே."

அன்று முழுக்க அவன் அந்த மாடியில் கிழக்கிலிருந்து மேற்காக ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டே போனான். கிழக்குக் கோடியில் நகம் நுழைந்த வெடிப்பு அடுத்த வரிசையில் கத்தி முனை நுழைகிற அளவு. நட்ட நடுவே லிஃப்டுக் கிணற்றுப் பக்கம் முடியளவு வெடிப்பு. அதைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை, சுண்ணாம்புகூட உதிரவில்லை. கீழ் மாடியிலும் மேல் மாடியிலும் அதே கதைதான். ஒரே கட்டிடம், ஒரே பூகம்பம். ஒரு கோடியில் அலமாரி விழுந்திருக்கிறது, மறு கோடியில் டீ சிந்தவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அலுவலகத்தில் அந்தக் கட்டிடத்தின் பழைய கம்ப்யூட்டர் மாடல் இருந்தது. போட்டவர் கசானுக்குப் போய்ச் சில வருடங்களாகிறது. மெதெர்பெக் அதைத் திறந்து கம்ப்யூட்டரில் நிலத்தை ஆட்டிப் பார்த்தான். ஒன்பது மாடியும் ஒன்றாகத் தெற்கே போயின, ஒன்றாக வடக்கே வந்தன. நல்ல பிள்ளைகள் மாதிரி. கிழக்கும் மேற்கும் ஒரே அளவு. வெடிப்பதற்குக் காரணமே இல்லை.

பக்கத்து மேசையில் லியுத்மிலா பாவ்லவ்னா ஊறுகாய் வெள்ளரியைக் கடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். துறைக்கு அவள்தான் தலைமை. ஓய்வுபெற வேண்டிய வயது தாண்டியும் யாரும் அவளை அனுப்பத் துணியவில்லை.

"அழகா இருக்கே. என்ன குறை?"

"அழகா இருக்கறதுதான் குறை. கிழக்குத் தூணெல்லாம் வெடிச்சிருக்கு."

"உள்சுவருக்கு என்ன போட்டிருக்கு?"

"எடை. ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவுன்னு எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி."

"எப்பவும் அப்படித்தானே போடுவோம். யாரு எங்க சுவர் கட்டப் போறாங்கன்னு நமக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

அதுதான் விஷயம். பிஷ்கெக்கில் புதுவீடு என்றால் வெறும் கூட்டைத்தான் விற்பார்கள். தூண், தளம், வெளிச்சுவர், ஓர் இரும்புக் கதவு. உள்ளே அறை பிரிப்பது வாங்கியவன் பாடு. கிழக்கே வாங்கியவர்கள் தனித்தனி ஆட்கள். சிலர் ஜிப்சம் பலகையால் தடுத்தார்கள், சிலர் திரை கட்டினார்கள், சிலர் பூட்டிப்போட்டுவிட்டு ரஷ்யாவுக்குப் போய்விட்டார்கள். மேற்கே வாங்கியவர்கள் ஒரே குலம். அத்பாஷியிலிருந்து வந்து சூளையில் செங்கல் அறுத்துப் பிழைத்த குடும்பங்கள், கீழிருந்து மேல்வரை ஒரே அடுக்காக வாங்கி, ஒரே கொத்தனாரை வைத்து, ஒரே மாதிரி சுவர் எழுப்பினார்கள். பலகை வைத்த வீடு அவர்கள் பார்வையில் வீடே இல்லை, கோழிக்கூடு.

மறுநாள் மெதெர்பெக் அளவுநாடாவோடு போனபோது எசென்குல் வாசலிலேயே நின்றிருந்தான். பெரியப்பா மகன், மெதெர்பெக்கைவிட ஆறு வயது மூத்தவன், உள்ளங்கை மரப்பட்டை மாதிரி.

"வாடா பேனாக்காரா. கிழக்குல போய்க் கண்ணீரெல்லாம் துடைச்சுவிட்டியா?"

"சுவரை அளக்கணும் பைகே" என்றான் மெதெர்பெக், அண்ணன் முறைக்கு.

"அள. நல்லா அள. அளந்து எழுது, இப்படித்தான் கட்டணும்னு." சுவரைக் கையால் அறைந்தான். சத்தமே வரவில்லை, அவ்வளவு கெட்டி. "உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவுல சிகரெட் காகிதம் நுழைச்சுக் காட்டு பாப்போம். தூணைத் துளைச்சுக் கம்பி விட்டிருக்கேன். மாஸ்கோவுல இதே வேலை பாத்தேன், ஒரு பய குறை சொன்னதில்ல. கூலியைத்தான் குறைச்சான்."

மெதெர்பெக் சிரித்தான். அளக்க அளக்கச் சிரிப்பு போய்விட்டது. ஒவ்வொரு மாடியிலும் அதே இடத்தில் அதே சுவர். ஒன்றின்மேல் ஒன்றாக, தூணோடு தூணாகக் கட்டிப்போட்டு, இறுக்கி.

திரும்பிப் போய் அவன் அந்தச் சுவர்களை எடையாக இல்லாமல் முட்டுக்கட்டையாக மாடலில் போட்டான். ஒவ்வொரு சுவருக்கும் மூலைக்கு மூலை ஒரு சாய்ந்த கால். தூணும் உத்திரமும் சாய வரும்போது செங்கல் அப்படித்தான் குறுக்கே நின்று எதிர்க்கும். எல்லாவற்றையும் போட்டு முடித்து மறுபடியும் நிலத்தை ஆட்டினான்.

கட்டிடம் தெற்கே போகவில்லை. திருகியது. மேற்குக் கோடி கீல் பிடித்த மாதிரி அங்கேயே நின்றது. கிழக்குக் கோடி கதவின் வெளிவிளிம்பு மாதிரி வீசி வீசி அடித்தது. மேற்கு ஒரு பங்கு நகர்ந்தால் கிழக்கு மூன்று பங்கு. வந்து போனது சின்ன பூகம்பம். விதிமுறை சொல்கிற பெரிய பூகம்பத்தைக் கொடுத்துப் பார்த்தபோது கிழக்குத் தூண்கள் கீழ்மாடிகளில் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. சிவப்பென்றால் அந்தத் தூண் இனி மேலே இருப்பதைத் தாங்காது. ஜூராவின் மாடி மேலேதான் இருந்தது.

பாவ்லவ்னா வெகுநேரம் பார்த்தாள். வெள்ளரி கையிலேயே இருந்தது.

"கிழக்குல கடைசி ரெண்டு தூணுக்கு நடுவுல ஒரு காங்கிரீட் சுவர் எழுப்பு. அஸ்திவாரத்துலேர்ந்து கூரை வரைக்கும், ஒரே பிடியா. அந்தப் பக்கமும் ஒரு கீல் வந்துட்டா திருகறது நிக்கும்."

"அங்கதான் அவங்க ஜன்னல் இருக்கு."

"ஜன்னலா உயிரா? கேட்டா அவங்களே சொல்லுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இன்னொரு வழியும் இருக்கு. உனக்கே தெரியும். அதை நான் சொல்ல மாட்டேன். அவங்க என் சொந்தம் இல்ல."

இன்னொரு வழி செங்கலை எடுப்பது. அவன் எடுத்துப் பார்த்தான், திரையில் அது எளிது. முட்டுக்கட்டைகளை அழித்ததும் கட்டிடம் பழையபடி நேராகப் போய் நேராக வந்தது. செங்கலுக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி அறுத்துவிட்டாலும் போதும்தான். ஆனால் அரைச் செங்கல் சுவர் பிடிமானம் இல்லாமல் நின்றால் முதல் ஆட்டத்தில் தூங்குகிறவன்மேல் சாயும். அதற்கு இரும்புச் சட்டம் வைத்துப் பிடிப்பதும் இடித்துப் பலகை போடுவதும் கிட்டத்தட்ட ஒரே பாடு.

காங்கிரீட் சுவரையும் போட்டுப் பார்த்தான். கணக்கு நின்றது. கையெழுத்துப் போடலாம். போடலாம் என்று பேனாவை எடுத்தபின்தான் அந்த யோசனை வந்தது. பெரிய ஆட்டத்தில் செங்கல் உடையுமே, உடைந்தபிறகு? ஒரு மாடியின் முட்டுக்கட்டைகளை மட்டும் அழித்தான். மூன்றாம் மாடி, சும்மா ஒரு பேச்சுக்கு. கட்டிடம் மறுபடி திருகியது. இந்தமுறை கீல் கிழக்கே. வீசி அடித்தது மேற்கு. மேற்கே மூன்றாம் மாடி சாகின் சித்தப்பாவின் வீடு.

கிழக்குச் சுவர் யோசனை அதற்குள் கமிட்டி காதுக்குப் போயிருந்தது. சித்தப்பா அந்த வார இறுதியில் ஆடு அறுத்தார். காரணம் எதுவும் சொல்லவில்லை, வா என்றார். விரிப்பைச் சுற்றி மேற்குக் கோடி முழுக்க உட்கார்ந்திருந்தது. கை கழுவத் தண்ணீர் வந்தது, கறித்தட்டு வந்தது. கறி பங்கு வைக்கிற எசென்குல் ஒவ்வோர் எலும்பாக வயதுப்படி வைத்துக்கொண்டே வந்து, ஜம்பாஷை, அந்தப் பெரிய இடுப்பெலும்பை, மெதெர்பெக் முன்னால் வைத்தான்.

"இது உங்களுக்கு வர வேண்டியது சித்தப்பா."

"சாப்பிடுடா. இன்னைக்கு நீதான் எங்களுக்குப் பெரியவன்."

"கிழக்குல சுவர் எழுப்பினா போதும்னு கமிட்டியில பேசிக்கிட்டாங்களாம்" என்றார் மாமா ஒருவர், நூடுல்ஸை விரலால் சுருட்டிக்கொண்டே. "நல்ல யோசனை. யாருக்கும் நஷ்டமில்ல."

"அவங்களுக்கு ஜன்னல் போகுதே" என்றாள் சித்தி, கதவோரத்திலிருந்து.

"அவங்கதானே ஆடறாங்க. நாம ஆடலையே."

எல்லோரும் சிரித்தார்கள். மெதெர்பெக் கறியைக் கொஞ்சம் அறுத்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தான். தன் வாயில் வைக்க முடியவில்லை. வைத்தால் கேட்டதற்குச் சரி என்று அர்த்தம். வைக்காவிட்டால் சித்தப்பாவை மூஞ்சியில் அடித்த மாதிரி. கடைசியில் சித்தப்பாவே எலும்பைப் பையில் போட்டுக் கட்டி அவன் கையில் திணித்தார். மீந்த பங்கை வீட்டுக்குக் கொண்டுபோகாதவன் அந்த வீட்டை அவமதித்தவன். கொண்டுபோனான். லிஃப்டில் அந்தப் பை கையில் சூடாகக் கனத்தது.

கமிட்டிக் கூட்டம் முற்றத்தில் ஊஞ்சல்களுக்குப் பக்கத்தில் நடந்தது. உள்ளே உட்கார யாருக்கும் மனமில்லை. குளிர் கடித்தது. மெதெர்பெக் வாயைத் திறக்கும் முன்னே ஜூரா முன்னால் வந்தாள், தோளில் அளவுநாடாவைக்கூடக் கழற்றாமல்.

"நாங்க பேசிட்டோம். கிழக்குல எல்லா மாடியும். ஜன்னல்தானே, அடைச்சுக்கோங்க. நான் விளக்குல தைச்சுக்கறேன்."

"கரண்ட்டு போனா?" என்றார் யாரோ.

"கரண்ட்டு போனா தூங்குவேன். தூங்கி நாளாச்சு."

மேற்குப் பக்கத்திலிருந்து நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. சித்தப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நல்ல பெண் என்றார். ஒருவர் கைகூடத் தட்டினார். விட்டுக்கொடுப்பவர்கள் விட்டுக்கொடுத்தாகிவிட்டது, பெற்றுக்கொள்பவர்கள் பெற்றுக்கொண்டாகிவிட்டது. பேசாமல் தலையாட்டினால் போதும்.

"அந்தச் சுவருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றான் மெதெர்பெக்.

ஊஞ்சல் சங்கிலி காற்றில் கிறீச்சிட்டது.

"மேற்குல செங்கலை எடுக்கணும். எல்லா மாடியிலயும். பலகை போட்டுக்கலாம். கிழக்குல ஒண்ணும் செய்ய வேண்டாம், வெடிச்ச தூணைக் கட்டினா போதும்."

"என்னடா சொல்றே?" சித்தப்பாவின் குரல் உயரவில்லை.

"பெரிய ஆட்டம் வந்தா செங்கல் உடையும் சித்தப்பா. எந்த மாடியில முதல்ல உடையும்னு எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. உடைஞ்ச நொடியில கட்டிடம் மறுபக்கம் திருகும். கிழக்குச் சுவர் நிக்கும். சுத்தி வந்து அடிபடறது நாம. செங்கல் இல்லாட்டி கட்டிடம் எப்படி ஆடும்னு என்னால சொல்ல முடியும். இருந்தா முடியாது."

"டீகூட சிந்தலையேடா எங்க வீட்டுல."

"அதனாலதான் இவங்க வீட்டுல அலமாரி விழுந்திச்சு."

மேற்குப் பக்கம் கத்தியது. "சொந்தத்துக்கே குழி பறிக்கறான்", "பலகை வீட்டுல நீ போய் இருடா", "மாஸ்கோ கூலியெல்லாம் அந்தச் சுவர்லதான் இருக்கு". கிழக்குக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜூரா மட்டும் அவனைத் திட்டுகிறவர்களையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் மகிழ்ச்சி எதுவும் இல்லை.

சாகின் சித்தப்பா அவன் அருகே வந்து நின்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"உன் பெட்டிக்குள்ள நீ என்ன படம் வேணும்னாலும் காட்டிக்கோ. நான் செத்தா எனக்குப் போடற கூடாரத்து வாசல்ல இடுப்புல கச்சை கட்டிட்டு நின்னு நீ அழக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன். சாட்சிக்கு இத்தனை பேர் இருக்காங்க."

போய்விட்டார். முற்றத்தில் அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. சாவுக்கு வராதே என்று சொல்லப்பட்டவனிடம் சண்டை போட என்ன இருக்கிறது.

திங்கட்கிழமை எசென்குல் அலுவலகத்துக்கு வந்தான். வாசலில் பூட்ஸைத் தட்டித் தட்டித் துடைத்தான். பாவ்லவ்னா நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, டீ போட எழுந்து போய்விட்டாள்.

"காட்டு" என்றான்.

மெதெர்பெக் முதலில் இப்போதிருக்கிற கட்டிடத்தைக் காட்டினான். கீலும் கதவும். எசென்குல் கண்கொட்டாமல் பார்த்தான்.

"எங்க வீடு அசையவே இல்லையே."

"நீ கட்டினது அசையாது பைகே."

பிறகு கிழக்குச் சுவரோடு. பிறகு மூன்றாம் மாடிச் செங்கல் உடைந்தபின். மேற்குக் கோடி வீசியது. எசென்குல் முன்னால் குனிந்தான்.

"என் செங்கல் உடையும்னு யாருடா சொன்னது?"

"உடையலைன்னா தூண் உடையும். ரெண்டுல ஒண்ணு. நீ சுவரைத் தூணோட கட்டியிருக்கே. சுவர் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பாரத்தைத் தூணுக்குள்ள தள்ளும்."

"மோசமாக் கட்டியிருந்தா?"

"மோசமாக் கட்டியிருந்தா இவ்வளவு திருகியிருக்காது."

திரையில் கட்டிடம் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது.

"அதை நிறுத்து" என்றான் எசென்குல். நிறுத்தியதும் எழுந்தான். "கெட்ட வேலை பாத்துட்டேன்னு ஒருத்தன் சொல்லியிருந்தா அவன் பல்லை உடைச்சிருப்பேன். நீ நல்ல வேலை பாத்துட்டேங்கறே. இதுக்கு நான் என்னடா பண்றது?"

டீயைக் குடிக்காமலே போனான்.

அவன் முதலில் ஒன்பதாம் மாடியில் தன் வீட்டிலேயே இடிக்க ஆரம்பித்தான். உளி வைத்து ஒரு செங்கலாவது முழுசாக வருமா என்று பார்த்தான். வரவில்லை. சாந்து அப்படிப் பிடித்திருந்தது, செங்கல்தான் பிளந்தது. பிறகு சுத்தியல். ஒன்பதாம் மாடியிலிருந்து சத்தம் கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு வீடாக வழிவிட்டது. சிலர் அழுதார்கள். சிலர் மெதெர்பெக்கைப் பார்த்துத் துப்பினார்கள். ஒருவரும் எசென்குலைத் தடுக்கவில்லை. கட்டியவனே இடிக்கும்போது என்ன சொல்ல? மாலையில் ஜூரா வாளியில் சூப்பு கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, வைத்தது தான் என்று தெரியாத மாதிரி போய்விட்டாள்.

மூன்றாம் மாடிக்கு வந்தபோது எசென்குல் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"இங்க நீதான் தட்டணும்."

மெதெர்பெக் கதவைத் தட்டினான். சாகின் சித்தப்பா திறந்தார். கோட்டும் தொப்பியும் போட்டுத் தயாராக இருந்தார். மெதெர்பெக் சலாம் சொன்னான். அவர் அவனைத் தாண்டி எசென்குலைப் பார்த்து, கையால் சுவரைக் காட்டினார். பிறகு படியிறங்கிப் போனார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக. அத்பாஷிக்குப் போகிற வண்டி கீழே நின்றிருந்தது. மெதெர்பெக் சொன்ன சலாம் பதில் இல்லாமல் வாசலிலேயே நின்றது. இனி அதற்குப் பதில் வராது என்று அவனுக்குத் தெரியும். சித்தப்பா சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிற ஆள் இல்லை.

உள்ளே சித்தி மெத்தைகளை அடுக்கி, அவற்றின்மேல் போர்த்தப் பிளாஸ்டிக் விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். ஒரு முனைதான் அவளுக்கு எட்டியது.

"நிக்கறியே" என்றாள், முகத்தைப் பார்க்காமல். "அந்தப் பக்கத்தைப் பிடி. தூசி மெத்தையில படக் கூடாது."

அவன் பிடித்தான். முதல் அடி விழுந்தது.